ஆம்பூருக்கு வந்த பால் சுறா

கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் இரண்டு வகை. கடலைப் பார்த்தவர்கள் ஒரு வகை. பார்த்த மாதிரியே நடத்துகிறவர்கள் இன்னொரு வகை. நான் மூன்று வருஷம் இரண்டாவது வகையில் இருந்தேன். ஆம்பூரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் விஞ்ஞான டீச்சர். அலை எப்படி எழும், ஓதம் எப்படி ஏறி இறங்கும் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். என் கண்ணால் பார்த்த அதிகபட்சத் தண்ணீர், ஒரு ஐப்பசி மாதம் பாலாற்றில் மூன்று நாள் ஓடிய வெள்ளம்தான். (அதைப் பார்க்கவே ஊர் மொத்தமும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தது.)

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கடலைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கடற்கரை ஊரில் கூடுவார்கள். கேள்விப்பட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. விண்ணப்பத் தாளில் 'உங்கள் பள்ளியிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?' என்று ஒரு கேள்வி. 'சற்றுத் தூரம்' என்று எழுதி அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்துக்குப் போன அன்றைக்கே மானம் கப்பலேறியது. விடிந்ததும் விடியாததுமாகக் கடற்கரைக்கு ஓடினேன். சுற்றுமுற்றும் பார்த்தேன், யாருமில்லை. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டேன். அடேயப்பா, நிஜமாகவே உப்பு! தூ தூ என்று துப்பிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன டீச்சர், புத்தகத்துல போட்டிருக்கிறது சரியா இருக்கா?"

சங்கத்தின் செயலாளர் பெரியநாயகம். தூத்துக்குடிக்காரர். தான் பிறந்ததே தோணியில்தான் என்று சொல்லிக்கொள்கிற மனிதர். காப்பி வருவதற்குள் விஷயம் நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. மத்தியானம் அவர் எழுந்து, "கடலே இல்லாத ஊர்க்காரங்களுக்கு நம்ம சங்கத்துல என்ன வேலை? கடற்கரைப் பள்ளிக்கூடங்கள் மட்டும்தான் உறுப்பினரா இருக்கணும்னு அடுத்த வருஷம் தீர்மானம் கொண்டு வரப்போறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடிவிடும், மூளை பின்னால் ஜட்கா பிடித்துத்தான் வரும். சட்டென்று எழுந்தேன். "அப்படியா? அடுத்த வருஷக் கூட்டத்தை எங்க ஆம்பூர்ல வைங்க. வந்து பார்த்துட்டு ஓட்டுப் போடுங்க!" என்றேன். வந்து எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியாது. ஆனால் கை தட்டினார்கள்.

என்னைக் காப்பாற்ற ஒரு ஆள் எழுந்தார். சென்னையில் கல்லூரிப் பேராசிரியை, ரத்னம்மா. வாட்டசாட்டமான அம்மாள், கனத்த மூக்குக்கண்ணாடி. "நான் வர்றேன். அந்த ஊர்ப் பொண்ணுங்களுக்குக் காட்ட ஒரு சினைப் பால் சுறாவை அனுப்பி வைக்கிறேன். எல்லார் முன்னாடியும் அறுத்துக் காட்டறேன்" என்றார்.

மீன் முட்டை போடும் என்றுதானே நாமெல்லாம் படித்தோம்? இந்தப் பால் சுறா அப்படியில்லை. வயிற்றுக்குள்ளேயே குட்டிகளைத் தொப்புள் கொடியோடு சுமந்து, குட்டியாகவே ஈனும். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ராத்திரி தூக்கமில்லை. மீனுக்குத் தொப்புள் கொடியா! வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. (நானே நம்பவில்லை, அது வேறு விஷயம்.)

அந்த நாளும் வந்தது. பங்குனி வெயில். காலை வண்டியில் சுறா மட்டும் வரும், மதிய வண்டியில் ஆசிரியர்கள் வருவார்கள், மூன்று மணிக்குக் கூட்டம். 'பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கவும்' என்று ரத்னம்மா எழுதியிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் தபாலாபீசில் வேலை பார்த்தார். கோபமே வராத மனுஷர், அதற்கும் சேர்த்து வைத்துக் கிண்டல் வரும். அவர்தான் ஸ்டேஷனிலிருந்து பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாடி இது, வழி பூரா அழுதுக்கினே வந்துச்சி?" என்றார்.

பார்த்தால் ஐஸ் மொத்தமும் உருகிக் கொட்டியிருந்தது. திறந்தேன். மரத்தூளுக்கு நடுவில் ஒன்றரை முழ நீளச் சுறா, உப்பிய வயிற்றோடு என்னைப் பார்த்தது. கூடவே ஒரு வாடை. பக்கத்து வீட்டம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "இன்னா டீச்சரம்மா, குடலைப் புரட்டுது!" என்றாள். பிறந்ததிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்புறம் குடியிருக்கிறவள். அவளுக்கே குடலைப் புரட்டுகிறதென்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

மணி பத்து. ஐஸ் வேண்டுமென்றால் வேலூருக்குப் போகவேண்டும், அங்கேயும் கிடைத்தால் உண்டு. சுறா அழுகினால் குட்டியும் போச்சு, என் பேச்சும் போச்சு, பெரியநாயகத்தின் தீர்மானம் பாஸ். நாளையிலிருந்து நானும் என் பிள்ளைகளும் பாலாற்று மணலை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அப்போது என் மூளையில் ஒரு வெளிச்சம். (அதை அப்போதே ஊதி அணைத்திருக்கவேண்டும்.) கெட்டுப்போகிற பொருளை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்களே! ஆட்டுத் தோல், மாட்டுத் தோல் எல்லாம் உப்புப் போட்டு மலையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு சுறாவுக்கு அஞ்சு மணி நேரம் இடம் கொடுக்கமாட்டார்களா?

ஜட்கா பிடித்தேன். என் வகுப்பில் படிக்கும் நூர்ஜஹானின் அப்பா ரஹீம் பாய், தோல் ஷாப்பில் கத்தி மேஸ்திரி. தோலில் ஒட்டியிருக்கும் சதையைக் கீறல் படாமல் சீவி எடுப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவருக்கு ஈடு கிடையாது. பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தலையிலிருந்து வாலுக்கு ஒரு தடவை தடவினார். வாலிலிருந்து தலைக்கு ஒரு தடவை தடவினார்.

"அப்பாடி! இப்படிப் போனா வழுக்குது, அப்படிப் போனா ரம்பம் மாதிரி அறுக்குது. இந்த மாதிரிச் சரக்கு நான் பார்த்ததே இல்லம்மா. எந்தூர்து?"

"கடல்லேர்ந்து வந்திருக்குது பாய். ரொம்ப முக்கியமானது. மூணு மணி வரைக்கும் கெட்டுப்போகாம உப்புப் போட்டு வைக்கணும்."

"எப்படிப் போடணும்?"

அவர் கேட்டார். நிஜமாகவே கேட்டார். இன்றைக்கும் அந்த மனிதர்மேல் நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். பதில் சொன்ன வாய் என்னுடையது.

"உங்க சரக்குக்கு எப்படிப் பண்ணுவீங்களோ, அப்படியே பண்ணுங்க பாய். ஒரு கொறையும் இருக்கக் கூடாது."

"நீங்க போய்ட்டு வாங்க டீச்சரம்மா. பேஜாரே வேணாம்."

நிம்மதியாகப் போய்ப் பந்தல், நாற்காலி, சாப்பாடு எல்லாம் பார்த்தேன். மதிய வண்டியில் நாற்பது பேரும் இறங்கினார்கள். பெரியநாயகம் பாலாற்றுப் பாலத்தில் ஜட்காவை நிறுத்தச் சொல்லி, கண்ணுக்கு எட்டின மட்டும் கிடந்த மணலைப் பார்த்து, "கடற்கரை நல்லாத்தான் இருக்கு டீச்சர். கடலை எங்க வச்சிருக்கீங்க?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரி ஐயா, சிரி, மூணு மணிக்குப் பார்க்கலாம் என்று மனசுக்குள் கருவிக்கொண்டேன்.

ரத்னம்மா, "சுறா எங்கம்மா?" என்றார்.

"பத்திரமா வச்சிருக்கேங்க. உப்புல."

"உப்புலயா? கெட்டிக்காரப் பொண்ணு! வா, நானும் வர்றேன்."

போனோம். ரஹீம் பாய் வாசலுக்கே வந்து, உள்ளே கூட்டிப்போய், ஒரு பலகையைக் காட்டினார். பலகை மேல் சுறா இருந்தது. அதாவது, சுறாவின் தோல் இருந்தது. தலை இல்லை, சதை இல்லை, எலும்பு இல்லை. நாலு பக்கமும் இழுத்து விரித்து, வெள்ளை வெளேரென்று உப்புத் தூவி, அவ்வளவு அழகாக!

"ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்!" என்றார் பாய்.

நான் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தேன். "பாய்... மீதி எங்க?"

"எந்த மீதி?"

"உடம்பு பாய், உடம்பு!"

"சதையா? அது பருந்துக்குப் போச்சே. இன்னாம்மா நீங்க, சதையோட வச்சு உப்புப் போட்டா தோலு நாசமாப் போய்டாதா? மொதல்ல சதையை எடுக்கணும், அப்புறந்தான் உப்பு. பச்சைப்புள்ளைக்கும் தெரியுமே!"

ஆம்பூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நாலு வருஷமாக ஆம்பூரில் டீச்சராக இருந்த எனக்குத்தான் தெரியவில்லை. அங்கேயே இருந்த உப்புக் குவியல் மேல் தொப்பென்று உட்கார்ந்து, ஓவென்று அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். எல்லாம் முடிந்தது. பிள்ளைகளிடம் என்ன சொல்வேன்? அந்தத் தூத்துக்குடிக்காரர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ரத்னம்மா அழவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகக் கேட்டார். "பாய், வயித்துக்குள்ள ஏதாவது இருந்துச்சா?"

பாயின் முகம் மாறியது. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி தலையைச் சொறிந்தார்.

"அத்த உங்களாண்ட கேக்கணும்னுதாம்மா இருந்தேன். தூக்கிப்போட மனசு வரல."

மூலையிலிருந்து ஒரு மண் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே உப்புத் தண்ணீரில், அந்தத் தாய்ச் சுறாவின் கருப்பை முழுசாக இருந்தது. பக்கவாட்டில் மட்டும் நூல் பிடித்த மாதிரி ஒரு திறப்பு. அதற்குள் விரல் நீளத்தில் ஏழு குட்டிச் சுறாக்கள். கண், துடுப்பு, வால் எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றின் நெஞ்சுக்கடியிலிருந்தும் மெல்லிசாக ஒரு கொடி புறப்பட்டுப் போய் அந்தப் பையோடு ஒட்டியிருந்தது. ஏழு கொடியில் ஒன்றுகூட அறவில்லை.

ரத்னம்மா பட்டுப் புடவையோடு அந்தச் சுண்ணாம்புத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "இருபது வருஷமா அறுக்கறேன் பாய். ஒரு தடவைகூட எல்லாக் கொடியும் அறாம எனக்கு வந்ததில்ல. எப்படிப் பண்ணீங்க?"

"இன்னாங்க பெரிய விஷயம், நமக்கு அதானே வேலை? ஆட்டு வயித்துல குட்டி பார்த்திருக்கேன். மீனு வயித்துல கொடியோட குட்டியை இன்னிக்குத்தாம்மா பார்க்கறேன். காலைலேர்ந்து வேலையே ஓடல. இத்தயே பார்த்துக்கினு கீறேன்."

மூன்று மணிக் கூட்டம் மூன்றரைக்குத் தொடங்கியது. நடுவில் மேஜை, மேஜை மேல் மண் சட்டி, சட்டிக்குப் பக்கத்தில் ரஹீம் பாய். பெரியநாயகம் அவரை மேலும் கீழும் பார்த்து, "ஐயா எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார்.

"தோல் ஷாப்புங்க" என்றார் பாய்.

யாரோ சிரித்தார்கள். பாய் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொரு கொடியாகத் தொட்டுக் காட்டினார். எது எங்கே ஒட்டியிருந்தது, எங்கே தடிப்பு, எங்கே மெலிசு, ஆட்டுக்கு எப்படி, இதற்கு எப்படி. சிரிப்பு நின்றது. நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. என் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். நூர்ஜஹான், "எங்கப்பா, எங்கப்பா" என்று பக்கத்திலிருந்தவளைக் கிள்ளிக்கொண்டேயிருந்தாள்.

கடைசியில் பாய், "நீங்கள்லாம் படிச்சவங்க, கடலாண்ட இருக்கறவங்க. ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார். "மத்த மீனெல்லாம் முட்டை போட்டுட்டு அதுபாட்டுக்குப் போய்டுது. இது மட்டும் ஏங்க இவ்ளோ கஷ்டப்பட்டுச் சுமக்குது?"

நாகப்பட்டினம் ஒரு பதில் சொன்னது. கடலூர் அதை மறுத்தது. ராமேஸ்வரம் இரண்டு பேரையும் திட்டியது. பெரியநாயகம் எழுந்து, தன் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, ஆனா ஏன்?" என்றார். எல்லோரும் ரத்னம்மாவைப் பார்த்தார்கள். "தெரியல பாய். நிஜமாவே தெரியல" என்றார் அந்த அம்மாள். சந்தோஷமாகச் சொன்னார்.

அதற்குள் மாலை வண்டிக்கு நேரமாகிவிட்டது. மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். தீர்மானம் ஓட்டுக்கே வரவில்லை. வண்டி புறப்படும்போது பெரியநாயகம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "டீச்சர், அந்தத் தீர்மானம்..." என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு கூடவே நடந்தேன்.

"அதைக் கோடு போட்டு அடிச்சிட்டேன். அடுத்த வருஷம் நீங்க வரும்போது அந்தப் பாயையும் கூட்டிட்டு வாங்க. அவருக்குப் பதில் சொல்லாம எனக்குச் சோறு இறங்காது."

ஆக, என் முட்டாள்தனத்தால் எங்கள் பள்ளி சங்கத்தில் நிலைத்தது. ரஹீம் பாய் அதற்கப்புறம் ஆறு வருஷம் கூட்டத்துக்கு வந்தார், ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வியைக் கேட்டார். எனக்குக் கிடைத்தது வேறு. வீட்டில் பால் பாத்திரத்தை மூடி வை என்று சொல்லக்கூட என்னை யாரும் நம்புவதில்லை.

பல வருஷம் கழித்து என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவமானது. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பாட்டிம்மா, கொஞ்சம் பத்திரமா வச்சுக்கறீங்களா?" என்று நீட்டினாள். நான் கையை நீட்டுவதற்குள் எங்கள் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"பத்திரமா வைன்னு மட்டும் இவகிட்டச் சொல்லிடாதம்மா. நேரா தோல் ஷாப்புக்குத் தூக்கினு போய்டுவா."

தையல் போட்டுப் படுத்திருந்த என் மகள், "அப்பா, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று அழுதுகொண்டே சிரித்தாள். குழந்தையை எனக்குக் கொடுக்கவில்லை, அவரிடம்தான் கொடுத்தார்கள்.