ஒற்றைக் காது நாயும் தாத்தா ஜேபஸின் துப்பாக்கியும்

மதிப்பிற்குரிய மச்சான் மெர்வின் அவர்களுக்கு,

வென்ஃபோர்டிலிருந்து எட்வின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை ஹில்டாவும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் டெவன் மழையும் கொஞ்சம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழையும் விடவில்லை, என்னைப் பிடித்த சனியும் விடவில்லை.

உங்கள் தாத்தா ஜேபஸ் தர்ஸ்பி செய்த இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பற்றி நான் இரண்டு வருஷமாக ஆராய்ச்சி செய்வது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு இது எதற்கு என்று நீங்கள்கூடப் போனில் கேட்டீர்கள். லண்டன் துப்பாக்கிக்காரர்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. நம் ஜேபஸுக்கு ஒரு அடிக்குறிப்புகூட இல்லை. என் பெண்டாட்டியின் தாத்தாவுக்கு இந்த அநியாயமா என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். முதலில் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லைக் கண்டுபிடித்து, பாசி போகப் பொழுதெல்லாம் தேய்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், அது வேட்டையாடுவது பாவம் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த வேறொரு தர்ஸ்பி. அதற்கும் நான் அசரவில்லை. துப்பாக்கியின் பக்கவாட்டுத் தகட்டில் தாத்தா பெயருக்குக் கீழே செதுக்கியிருக்கும் நாய் நினைவிருக்கிறதா? ஒரு காது இருக்கும், இன்னொரு காதைக் காணோம். அதுதான் எனக்குக் கிடைத்த துருப்புச்சீட்டு. தாத்தா தன் சொந்த நாயைத்தான் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார், அது நரியோடு மல்லுக்கு நின்று காதை இழந்திருக்க வேண்டும், இந்த நாய் இருந்தால் அது ஜேபஸ் துப்பாக்கி, இல்லாவிட்டால் இல்லை என்று ஊர்ப் பத்திரிகையில் கட்டுரையே எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு ஊர்ச் சபையும், தாத்தாவின் பழைய கடைச் சுவரில் (இப்போது அது முடி திருத்தும் கடை) ‘துப்பாக்கி செய்த ஜேபஸ் தர்ஸ்பி’ என்று ஒரு பலகை பதிக்கச் சம்மதித்துவிட்டது. வருகிற சனிக்கிழமை ஹில்டாதான் திரையை விலக்குகிறாள். அதற்கென்று புதுத் தொப்பிகூட வாங்கிவிட்டாள், மச்சான்! கண்ணாடி முன் நின்று வைத்துப் பார்க்கிறாள், கழற்றுகிறாள், மறுபடி வைக்கிறாள்.

விதி யாரை விட்டது? பலகைத் திறப்புக்கு முன்னோட்டமாகத் திருச்சபைக் கூடத்தில் நேற்று மாலை நான் ஒரு சொற்பொழிவு வைத்தேன். வீட்டில் பழைய துப்பாக்கி உள்ளவர்கள் உரிமத்தோடு கொண்டுவரலாம் என்று வாய்க்கொழுப்பில் நானே அறிவித்திருந்தேன். பின்வரிசையில் ஒரு கான்ஸ்டபிள் டீயும் கேக்குமாகக் காவல் காத்தார். நான் நாயின் படத்தைத் தூக்கிக் காட்டி, “உலகத்துலயே இந்த நாய் தர்ஸ்பி துப்பாக்கியில மட்டும்தான் இருக்கு!” என்று முழங்கி வாயை மூடவில்லை, பண்ணைக்கார பெடோஸ் அம்மாள் தன் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“எட்வின், கோச்சுக்காதப்பா. என்னோடதுலயும் இதே நாய் ஒத்தக் காதோட நிக்குது. ஆனா ஹெரிஃபோர்டு கடைக்காரன் பேருல்ல போட்டிருக்கு!”

“என்கிட்டயும் இருக்குங்க” என்றார் பாதிரியார், துக்கம் விசாரிக்கும் குரலில். “எங்கப்பா வேல்ஸ்ல வாங்கினது. அந்தக் கடைக்காரர் குடையும் விப்பாரு.”

உரக்கடை ரெஜ் பின்னாலிருந்து, “உங்க தாத்தாவோட நாய் நல்லாத்தான்யா ஊர் மேஞ்சிருக்கு!” என்று ஒரு போடு போட்டான். கான்ஸ்டபிளுக்குப் புரை ஏறிவிட்டது.

எங்கோ படித்துவிட்டு ஒதுக்கிவைத்த ஒரு விஷயம் எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் காலத்தில் பர்மிங்ஹாம் பட்டறைகள் குழலிலிருந்து நாய் வரை எல்லாவற்றையும் செய்துவிட்டு, பெயர் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டுவைக்குமாம்; வெளியூர் இரும்புக்கடைக்காரர்கள் அதில் தங்கள் பெயரைப் பொறித்து வாங்கிக் கடையில் வைப்பார்களாம். தாத்தா ஆணியும் விளக்கும் எலிப்பொறியும் விற்றவர். துப்பாக்கியில் அவர் கை பட்டது தூசி தட்டும்போது மட்டும்தான். ஹில்டா அந்நேரம் பக்கத்துச் சமையலறையில் டீ கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. வீட்டுக்கு வரும் வழியில், “பேச்சு எப்படிங்க போச்சு?” என்று கேட்டாள். “பிரமாதம்”னு சொல்லிட்டேன் மச்சான், என் நாக்கு அழுகாதா? இப்ப நான் என்ன செய்யறது? சொன்னா அவ மனசு உடைஞ்சுபோகும். சொல்லாட்டி, ஊரே வாயைப் பொத்திச் சிரிக்கறப்ப அவ புதுத் தொப்பியோட திரையை இழுப்பா. கல்யாணம் ஆனதிலிருந்து அவளை நான் அழவிட்டதில்லை. வெங்காயம் உரிப்பதுகூட நான்தான். நீங்கள் மூத்தவர், பக்குவமாகப் பேசத் தெரிந்தவர். வெள்ளிக்கிழமைக்குள் போன் போட்டு நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

வீட்டில் மேபல் அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ரோஜாக்கள் பூச்சி அண்டாமல் பூக்கட்டும், உங்கள் முழங்கால் மாடிப்படி ஏறட்டும்.

தலை குனிந்த நிலையில்,
எட்வின் பர்ஸ்லோ

பின்குறிப்பு: அண்ணா, ஹில்டா எழுதுகிறேன். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு இவர் பட்டாணிக்கொடிக்குக் குச்சி நடப் போயிருக்கிறார். நேற்று டீ கொடுக்கிற ஜன்னல் திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டது. கேட்காவிட்டால்தான் என்ன? வெடிச்சத்தம் கேட்டால் தாத்தா மேஜைக்கடியில் புகுந்துகொள்வார் என்று அப்பா சொல்லச் சொல்ல நாம் இருவரும் விழுந்து சிரித்தது மறந்துபோச்சா? வேலையை விட்டு வந்த புதிதில் இந்த மனுஷர் சோறு இறங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற ரயிலெல்லாம் தாமதமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. அந்தத் துப்பாக்கியை எடுத்து இவர் மடியில் வைத்து, “தாத்தா செஞ்சதாமே, என்னன்னு பாருங்களேன்”னு கிளப்பிவிட்டதே நான்தான். பலகை செதுக்குகிறவரிடம் போன மாதமே போய் எழுத்தை மாற்றிவிட்டேன்: ‘ஜேபஸ் தர்ஸ்பி, இரும்புக்கடைக்காரர்.’ அடியில் அந்த ஒற்றைக் காது நாய். திரை விலகும்போது இவர் முகம் போகிற போக்கைப் பார்க்கத்தான் புதுத் தொப்பி. நீ போன் பண்ணிக் காரியத்தைக் கெடுத்துவிடாதே. அந்த நாயைச் செதுக்கிய பர்மிங்ஹாம்காரன் யார் என்று கண்டுபிடிக்க இவருக்கு இன்னும் பத்து வருஷமாவது பிடிக்கும். பிடிக்கட்டும், அண்ணா. அதுக்கும் மேலேயே இவர் எனக்கு வேணும்.