கோப்ரல் ஹரீஷின் மூன்றாவது பட்டை

பினாங்கு வாழ் மக்களில் 'ஆள் பிடிப்போர்' என்றொரு இனம் உண்டு. அவசரப்பட்டுப் போலீசுக்குப் போன் போடாதீர்கள். இவர்கள் யாரையும் கடத்துவதில்லை. எந்தக் காரியமானாலும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய ஆளிடம், நேரே போய் நின்று வாய் திறந்து கேட்பதை மட்டும் பெரிய மானக்கேடாக நினைக்கிறவர்கள், அவ்வளவுதான்.

அடையாளம் காண்பது சுலபம். மருத்துவமனையில் எண் சீட்டு வாங்கிய அத்தனை பேரும் சுவரில் மாறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தாதியின் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்துக்கொண்டிருப்பார், ஏதாவது சொந்தம் வருமா என்று. கடப்பிதழ் புதுப்பிக்க, திருவிழாவில் தேருக்குப் பக்கத்தில் நிற்க, கல்யாணப் பந்தியில் இரண்டாவது வடை வாங்க, எதற்கும் இவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்க நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களா?" வடைதானே, கேட்டால் போடமாட்டார்களா என்கிறீர்களா? போடுவார்கள். கேட்டு வாங்கிய வடையில் என்ன ருசி இருக்கிறது?

இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஜார்ஜ்டவுன் மோகனராஜ். அவரையே மிஞ்சியவன் அவருடைய அக்காள் மகன் கோப்ரல் ஹரீஷ். அமைதிப் படையோடு தூர தேசம் ஒன்றுக்குப் போயிருந்தான். போன இடத்தில் அமைதியைத் தவிர எல்லாம் இருந்தது. அங்கே ஒரு பதுங்குகுழிக்குள் தலைக்கவசத்தோடு உட்கார்ந்து, மாமாவுக்குக் கைப்பேசியில் இப்படி ஒரு கடிதம் தட்டினான்:

"மாமா, நான் நல்லா இருக்கேன். காலையில கேம்ப்புக்குப் பக்கத்துல ராக்கெட் விழுந்துச்சி, அத விடுங்க. விசயம் என்னான்னா, வர்ற வெள்ளிக்கிழமை இங்க சார்ஜன் பதவிக்கு ஆள் எடுக்கிறாங்க. எங்க கர்னல்தான் முடிவு பண்ணுவாரு. பெரிய ஆளா பாத்துப் புடிச்சி அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இந்தத் தடவையும் சட்டைக் கையில மூணாவது பட்டை கெடைக்கலன்னா, ஒப்பந்தம் முடிஞ்சி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ராக்கெட் விசயம் ஷர்மினிக்குத் தெரிய வேணாம்."

மோகனராஜுக்கு வந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்வது! மருமகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்காக அல்ல. ஒரு கர்னலைப் பிடிக்கும் வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை முறை வரும்? உடனே இஸ்திரி போட்ட பாத்தேக் சட்டையை மாட்டிக்கொண்டு சூலியா தெருவில் ஜபருல்லா பாயின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்குப் பறந்தார். பாய் கடையில் மீன் தலைக் கறி சாப்பிட வரும் ஓய்வுபெற்ற மேஜரிடம் பாய் சொன்னார். மேஜர் தம்மோடு கோல்ஃப் ஆடும், அரசுப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோவிடம் சொன்னார். டத்தோ, தலைநகரில் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதரிடம் சொன்னார். அங்கிருந்து அந்த வார்த்தை கடல் கடந்து, பாலைவனம் தாண்டி, குண்டு மழைக்குள் புகுந்து, பதிலோடு பத்திரமாகப் பாய் கடைக்கே திரும்பி வந்தது.

"அண்ணே, அந்தக் கர்னல் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாம். மினிஸ்டர் சொன்னாக்கூட கேக்க மாட்டாராம். அவரு காடி ஓட்டுற டிரைவர் சொன்னா மட்டும் கேப்பாராம் லா. நம்ம பினாங்குப் பையன்தானாம். அவனப் புடிங்க."

"பேரு என்னா பாய்?"

"கோப்ரல் ஹரீஷ்."

நீங்களும் நானுமாக இருந்தால் இந்த இடத்தில் வெட்கப்பட்டுச் சிரித்திருப்போம். மோகனராஜ் மேசையில் ஓங்கித் தட்டி, இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு, மருமகனை அழைத்தார்.

"டேய், சரியான ஆளு கெடைச்சிட்டான்டா! கர்னலோட டிரைவரு!"

"மாமா, அது நான்தானே!"

"அதாண்டா சொல்றேன்! நம்ம சொந்தமாவே போச்சி!"

 ஹரீஷ் நிஜமான கவலையோடு கேட்டான்: "எனக்கு நானே எப்படி மாமா சொல்றது? அந்த டிரைவருகிட்ட சொல்ல வேற யாராச்சும் இல்லையா?"

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த ஹரீஷின் மனைவி ஷர்மினியிடம் மாமா இந்த வெற்றிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஆரம்பத்தில்தான் ராக்கெட் இருந்தது. அவள் கைப்பை கீழே விழுந்தது.

"ராக்கெட் விழுந்திருக்கு, நீங்க ரெண்டு பேரும் பட்டையப் பத்திப் பேசுறீங்களா?" என்று ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் கணவனைக் கூப்பிட்டாள். "அந்தக் கர்னலத் தெனமும் பக்கத்துல வச்சி ஓட்டுறீங்க இல்ல? வாயத் தொறந்து கேளுங்க! வேலை போனா வீட்டுக் கடன் யாரு கட்டுவா, அந்த டத்தோவா?"

வெள்ளிக்கிழமை காலை. கர்னல் வண்டியில் ஏறினார். ஹரீஷ் தொண்டையைச் செருமினான், 'துவான்' என்று மரியாதையாக ஆரம்பித்தான். கர்னலும் அதே நேரத்தில் தொண்டையைச் செருமினார்.

"ஹரீஷ், நீ பினாங்குதானே?" என்று மலாயில், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என் மகள் அங்கே மாற்றலாகிப் போகப் பார்க்கிறாள். உங்கள் ஊரில் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா?"

ஹரீஷின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! மாமாவைப் பற்றிச் சொன்னான். பாய் கடையைச் சொன்னான், மேஜரைச் சொன்னான், டத்தோவைச் சொன்னான், அலுவலகம் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். கர்னல் நெகிழ்ந்து அவன் தோளைத் தட்டிவிட்டு, சார்ஜன் யார் என்று முடிவு செய்ய உள்ளே போனார்.

பட்டை ஹரீஷுக்கும் போகவில்லை, எந்தப் பெரிய இடத்துப் பையனுக்கும் போகவில்லை. விறைப்பாக வணக்கம் வைத்து, "துவான், எனக்கு வேண்டும்" என்று நேரே கேட்ட ஒரு சாதாரணக் கோப்ரலுக்குப் போனது. மாமாவும் மருமகனும் அசந்து போனார்கள். அவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹரீஷ் ஊர் திரும்பிவிட்டான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. விமான நிலையத்தில் ஷர்மினி அவனைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. கர்னல் மகளுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. ஹரீஷுக்குத்தான் இன்னும் வேலை கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வயது, நல்ல டிரைவர், குண்டு விழுந்தாலும் கை நடுங்காது.

பாவம் அந்தப் பையன் என்று உங்களுக்கும் தோன்றுகிறது. யாரிடம் சொன்னால் நடக்கும் என்று ஒரு பெயரும் இதற்குள் நினைவுக்கு வந்திருக்குமே? வந்துவிட்டதா? அப்படியானால் நீங்களும் அந்த இனம்தான். வணக்கம், மோகனராஜ் அண்ணே!