பெருமாளுக்கு லெவல் ஏற்ற மறுத்த கதை

என் கையில் கொஞ்சம் அதிகாரத்தைக் கொடுத்துப் பார்த்தால் போதும், என் யோக்கியதை தெரிந்துவிடும். தொண்ணூறுகளில் அது ஒரு சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிட்டது.

அப்போது நான் பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் குமாஸ்தா. (டை கட்டிய குமாஸ்தா. யாரும் கட்டச் சொல்லவில்லை, நானாகக் கட்டிக்கொண்டேன்.) ஞாயிறு மதியங்களில், புக்கிட் பெருவாங்கில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடக்கும். கோலாலம்பூரில் படித்த என் சித்தப்பா மகன் அதன் விதிப் புத்தகத்தை நகலெடுத்துக் கொடுத்திருந்தான். ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். கதை சொல்பவன் நான். பூதம் வருகிறது என்று நான் சொன்னால், வெட்டுவதா ஓடுவதா என்று அவர்கள் முடிவெடுத்துப் பகடை உருட்டுவார்கள். அனுபவம் சேரச் சேர வீரனின் லெவல் ஏறும், பலம் கூடும்.

இரண்டு மூன்று ஆட்டம் ஆடினாலே இரண்டாம் லெவல் கொடுக்கலாம் என்றது புத்தகம். எனக்கு வயிறு எரிந்தது. உலகத்தில் எங்கே அப்படி நடக்கிறது? எங்கள் தொழிற்சாலையில் ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் மேற்பார்வையாளர் அறிக்கை, அதன் பிறகுதான் நிரந்தரம். அந்த முறையையே விளையாட்டுக்கும் கொண்டுவந்தேன். அலுவலக மதிப்பீட்டுப் படிவங்களில் ஒவ்வொரு வீரனைப் பற்றியும் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்தும் போட்டு என் அலுவலக மேசையிலேயே வைத்திருப்பேன்.

இதில் அதிகம் வதைபட்டவன் பெருமாள். என்னோடு அதே வீட்டில் இருந்தவன், நான் சொல்லித்தான் எங்கள் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டச் சேர்ந்தான். கற்பனைக்குப் பஞ்சமானவன் என்பதால் தன் வீரனுக்கும் பெருமாள் என்றே பெயர் வைத்திருந்தான்.

"எட்டு மாசமா எலி அடிச்சிக்கிட்டு இருக்கேன்லா மச்சான். எப்பதான் பெரிய பூதத்த அடிக்கிறது?" என்பான்.

"அறிக்கை திருப்தியா இருக்கணும்லா," என்பேன் நான், டையைச் சரிசெய்தபடி. (ஞாயிற்றுக்கிழமையிலும் டை.)

இந்த நேரத்தில்தான் பெருமாளின் நிஜ ஆறு மாதமும் முடிந்தது. புக்கிட் காத்திலில் லெட்சுமியைப் பெண் கேட்டிருந்தான். "வேல பெர்மனென்ட் ஆகட்டும், அப்பறம் பேசலாம்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். சனிக்கிழமை அவனுடைய மதிப்பீட்டுப் படிவம் என் மேசைக்கு வந்தது. அரை நாள் வேலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேலாளரின் கோப்புத் தட்டில் வைக்க வேண்டியதை வைத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் எழுந்து நின்று பெருமாளின் அறிக்கையை வாசித்தேன்.

"நேரம் தவறுவதில்லை. இயந்திரத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறார்."

"எந்த மெஷின்லா? எங்கிட்ட இருக்கிறது ஒரு கத்திதானே?" என்றான் பெருமாள்.

தாளை மேலிருந்து மறுபடி படித்தேன். நிஜப் படிவம் என் கையில். அப்படியானால் மேலாளரின் தட்டில் இருப்பது விளையாட்டு அறிக்கையா?

அவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, "மச்சான், பேப்பர்ல ஓடினது நான் இல்லன்னு மட்டும் சொல்லிருலா" என்றான். அன்றுபோல் என் மேல் எனக்கே வெறுப்பு வந்ததில்லை.

திங்கட்கிழமை காவலாளிக்கு முன்பே போய் நின்றேன். பயனில்லை. மேலாளர் ஹமீது சார் சனிக்கிழமையே படித்துவிட்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு, ஆங்கிலத்தில் நான் தட்டியிருந்ததைத் தமிழில் எனக்கே சொல்லிக் காட்டினார்.

"சத்திரத்துக்கு நெருப்பு வச்சாரு. பூதத்தப் பாத்ததும் கூட்டாளிங்கள குகையில விட்டுட்டு ஓடிட்டாரு. நிரந்தரம் ஆக்கத் தகுதி இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் குகைப்பா? பத்துமலையா?"

அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். நிஜப் படிவத்தை நீட்டினேன். பகடையைக்கூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பையன எத்தன மாசம் மொத லெவல்லயே வச்சிருந்த?"

"எட்டு மாசம் சார்."

"புஸ்தகத்துல எவ்வளவு போட்டிருக்கு?"

"ரெண்டு மூணு ஆட்டம் சார்."

"நம்ம கம்பெனியே ஆறு மாசத்துல ஏத்தி விட்டுருது. நீ கம்பெனிக்கு மேல இருக்கியேலா!" என்று சொல்லி மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரித்தபடியே பெருமாளின் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நிரந்தரமாகியிருந்த என்னை மூன்று மாதத்துக்கு மறுபடியும் தற்காலிகமாக்கினார்.

தண்டனை வாங்கிக்கொண்டு இவ்வளவு நிம்மதியாக வெளியே வந்தவன் நானாகத்தான் இருப்பேன். நேராக மெஷின் பக்கம் ஓடிப்போய்ப் பெருமாளைக் கட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஒரே மூச்சில் அவனுக்கு மூன்று லெவல் கொடுத்தேன், அன்றைக்கே பெரிய பூதத்தையும் வெட்டினான். ஆவணி மாதம் கல்யாணம்.

லெட்சுமிக்கு முழுக் கதையும் தெரியும். முப்பது ஆண்டுகளாகியும் அவர்கள் வீட்டில் ஒரு நல்ல செய்தி வந்தால் முதல் தொலைபேசி அழைப்பு எனக்குத்தான். போன மாதம் அவர்களின் மூத்த மகள் கூப்பிட்டாள்.

"மாமா, எனக்கு வேல கன்ஃபர்ம் ஆயிருச்சு. லெட்டர் கையிலயே இருக்கு. ஆனா யார்கிட்டயும் சொல்லாதன்னு அம்மா சொல்றாங்க. நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்கன்னு மொதல்ல கேக்கணுமாம்."