பெரட்டுக்களப் படத்தை நான் பத்திரப்படுத்திய விதம்

என் நாட்குறிப்பில், நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமைக்குக் கீழே, மாலை 4.20 என்று நேரமிட்டு நானே எழுதிய குறிப்பு இது: “எல்லாவற்றையும் இணைய மேகத்தில் ஏற்றியாகிவிட்டது. இனி வீடே எரிந்தாலும் கவலையில்லை.”

வீடு எரியவில்லை. எரிந்திருந்தால் பழிபோட அடுப்பாவது கிடைத்திருக்கும்.

ஈப்போவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் ரப்பர் தோட்டம் மூடப்பட்டு, எண்ணெய்ச் செம்பனை வந்து, பிறகு வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டது. அங்கிருந்தவர்களின் படங்களையும் பெயர்களையும் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. (“வியாதி” என்பாள் என் மனைவி சாந்தி.) சேகரிப்பின் தலையாய பொருள் ஒரே ஒரு புகைப்படம். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், மூன்று வரிசையாக இருபத்துமூன்று பேர் வாளிகளோடு நிற்கும் படம்.

அதன் அசல் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. நகலெடுத்த பிறகு அசலையும் காப்பாற்றிவிடலாம் என்று உரித்தேன். மூன்று துண்டாக வந்தது. முகங்கள் கண்ணாடியில் வெறும் கறையாகத் தங்கிவிட்டன. பரவாயில்லை, மேகத்தில் இருக்கிறதே என்று நினைத்தேன். அன்றைய என்னை இன்று பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

அந்தக் கோப்புறையின் இணைப்பை எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் புலனக் குழுவில் பகிர்ந்தேன். முதலில் ‘பார்க்க மட்டும்’ என்றுதான் அனுமதி கொடுத்தேன். பதினொரு பேர் ஒரே நாளில் “தொறக்க மாட்டேங்குது லா” என்று அழைத்துப் பிராணனை வாங்கினார்கள். கோபத்தில் ‘எல்லாரும் திருத்தலாம்’ என்று மாற்றினேன். கூடவே ஒன்பது விதிகளையும் எழுதிப் போட்டேன். விதி நான்கு: எதைச் செய்தாலும் கோப்புறைக்குள்ளேயே செய்யவும். விதி ஆறு: திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளும் காட்டுமிராண்டித்தனம் கூடாது, தரம் கெட்டுவிடும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லார் கருவியிலும் தானாக மாறும் என்று கடைசியில் பெருமையாகச் சேர்த்திருந்தேன். அது வரமல்ல, சாபம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படத்துக்காகக் காத்திருந்தவர்களில் முக்கியமானவர் புஷ்பாக்கா. தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு நான்கு வயதில் தாயார் இறந்துவிட்டார். ஒரு படம்கூடக் கிடையாது. தீபாவளிக்கு முன்னால், செத்தவர்களுக்குப் படைக்கும்போது, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சேலையை மடித்து வைப்பாராம். பெரட்டுக்களப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பது அவர் தாயார்தான் என்று இரண்டு பெரியவர்கள் அடையாளம் சொன்னார்கள்.

“சனிக்கெழம ரயிலேறி வாரேன் தம்பி. அம்மாவ பெருசா பிரிண்ட் போட்டுக் குடு. இந்த வருசம் சேலைக்கு லீவு” என்றார்.

வியாழக்கிழமை மாலை படத்தைத் திறந்தேன். இருபத்துமூன்று பேரில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சிலிபினில் இருக்கும் கோவிந்தண்ணனின் அப்பா. மற்ற இருபத்திரண்டு பேரும் போன இடம் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தை நாட்குறிப்பில் எழுத முயன்றதில் பேனா முனை காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. குழுவில் ஏழு நிமிடம் குரல் பதிவு போட்டேன். “இது ஒங்க வீட்டு ஆல்பம் இல்ல அண்ணே! இருவத்திரண்டு பேர வெட்டிப்போட்டுட்டு எப்படி நிம்மதியா தே தாரேக் குடிக்கிறீங்க?” என்பது அதில் இருந்த மரியாதையான பகுதி.

பிறகு விவேகமாகச் செயல்பட்டேன். அதாவது, விவேகம் என்று நம்பினேன். கெட்டுப்போனது என் கணினியில் இருக்கும் பிரதிதான். அதை அழித்துவிட்டால் மேகத்திலிருந்து நல்ல பிரதி இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டுக் கோப்புறையை முழுதாக அழித்தேன். இணையதளத்தில் போய்ப் பார்த்தால், அங்கே குப்பைத்தொட்டியில் ஏராளமான கோப்புகள். கெட்ட பிரதிகள் இங்கே கிடக்கின்றன போலும் என்று, சுத்தத்தில் குறை வைக்காதவனாக, அதையும் காலி செய்தேன். “நிரந்தரமாக அழிக்கவா?” என்று கேட்டது. “ஆம்” என்று ஓங்கி அழுத்தினேன்.

மணி 5.50க்குக் கோவிந்தண்ணன் அழைத்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், குரல் பதறாது.

“திட்டி முடிச்சிட்டியா தம்பி?”

“இன்னும் இருக்கு அண்ணே!”

“இரு, இரு. இப்ப ஃபோல்டரே காணோமே. எங்கப்பாவும் போயிட்டாரு. அது யாரு செஞ்சது?”

அவரே தொடர்ந்தார். “படையலுக்கு அப்பா படம் வேணும். பக்கத்துல நிக்கிறது முத்தம்மா அக்கா. அது உசுரோட தெனமும் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வருது. உசுரோட இருக்கற ஆளப் படையல்ல வைக்கலாமா? அதான் வெட்டுனேன். நீதானே எழுதுன, எது செஞ்சாலும் ஃபோல்டருக்குள்ளயே செய்யணும்னு? ஒன் ரூல்ஸப் படிச்சது நான் ஒருத்தன்தான் லா!”

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி என்மேல் ஏறியது. மேகத்துக்காரர்கள்மீதும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெட்டிய படத்தின் பழைய பதிப்பை இரண்டே சொடுக்கில் மீட்டிருக்கலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்த என் கைவரிசைக்குத்தான் மீட்சி இல்லை.

சாந்தி என் பின்னால் நின்றிருந்தாள். “புஷ்பாக்கா நாளன்னைக்கு வராங்க. என்ன சொல்லப் போறீங்க? மேகம் கலைஞ்சிருச்சுன்னா?”

குழுவில் எழுதினேன்: “தவறு என்னுடையது. யாரிடமாவது படத்தின் ஏதாவது ஒரு துண்டு இருக்கிறதா?”

வந்தன. விதி ஆறை ஒருவரும் மதித்திருக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் அப்பாவை, பாட்டனை விரலால் பெரிதாக்கித் திரையைப் படம்பிடித்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் காட்டுமிராண்டிகள் அனுப்பிய துண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பொருத்தினோம். பத்தொன்பது பேர் திரும்பி வந்தார்கள். புஷ்பாக்காவின் தாயார் வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, லூமுட்டில் மீன் வியாபாரம் செய்யும் செல்வம் கடைசியாக ஒரு படம் அனுப்பினான். அவன் அப்பா ஓரத்தில். நட்டநடுவில், தெளிவாக, அந்த அம்மாள். “சாரி அண்ணே, வெரல் வழுக்கிருச்சு” என்று எழுதியிருந்தான். அவன் கட்டை விரலை நான் கும்பிட வேண்டும்.

திரையைப் பிடித்த படம் என்பதால் செல்வத்தின் கைப்பேசி காட்டிய நேரமும் மின்கல அளவும் மேலேயே பதிந்திருந்தன. அதை நறுக்கிவிடு என்றாள் சாந்தி. இனி எதையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அப்படியே அச்சிட்டேன்.

புஷ்பாக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தன் மூக்கைத் தொட்டு, “என்ன மாதிரியே மூக்கு” என்றார். பிறகு தாயாரின் தலைக்கு மேலே விரல் வைத்து, “இது என்ன தம்பி, பன்னெண்டு பெர்சென்ட்?”

இன்றும் அந்தப் படம்தான் படையலில் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வரும்: “தம்பி, அம்மாவுக்கு சார்ஜ் கம்மியா இருக்கு, வந்து போட்டுட்டுப் போ!” பின்னால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஒரு குறிப்பு மட்டும் பாக்கி. அந்தத் துண்டின் இடது ஓரத்தில், அம்மாளின் தோளின்மேல் வளையல் அணிந்த ஒரு கை கிடக்கிறது. அந்தக் கைக்குரியவரை யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அவருடைய பிள்ளைகள் யாரும் எங்கள் குழுவில் இல்லை போலும். வரிசைப்படி நான் எழுதிய பெயர்ப்பட்டியலும் அதே கோப்புறையில்தான் இருந்தது. தன் பெரியம்மா என்கிறார் புஷ்பாக்கா. இல்லவே இல்லை, தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணியின் மனைவி என்கிறார் கோவிந்தண்ணன். முத்தம்மா அக்காவுக்கு நினைவில்லை. இது யார் கை என்பது, இதை எழுதும் நாள்வரை, உறுதிசெய்யப்படவில்லை.