முப்பது நாள் சும்மா

என் மனைவி ராமாமணி ஒரு நாளைக்குப் பத்து தடவை, "பாலகோபால் தம்பி மாதிரி வருமா?" என்கிறாள். அதே வாயால் ஒரு தடவையாவது, "எங்க ஊட்டுக்காரரு மாதிரி வருமா?" என்று சொல்ல வைப்பது என போன வெள்ளிக்கிழமை சபதம் எடுத்தேன்.

பாலகோபால் போத்தனூரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. ராமாமணி மெஷினில் ஜாக்கெட்டுக்கு எம்ப்ராய்டரி போடுகிறாள். அதற்குப் பூவும் மயிலும் வரைகிற சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். முப்பது நாள் சும்மா. பிடித்தால் காசு கட்ட வேண்டும்.

"ஏனம்மணி, உக்கடத்துல நூறு ரூவாய்க்கு இதையே காப்பி போட்டுத் தாரானாமா. எதுக்குக் காசு கட்டோணும்?"

"சந்தையில நாலு குவியல்ல கடலைக்காய் தின்னு பாத்துட்டுத்தான வாங்கறீங்க? அதாட்டத்தானுங்க இது. தின்னு பாக்கறது வேற, மூட்டையத் தூக்கீட்டு ஓடறது வேறங்க."

"ஆரு சொன்னா?"

"பாலகோபால் தம்பிதான். அது மாதிரி வருமா?"

வயிறு எரிந்தது. ரெண்டு சொம்பு மோர் குடித்தும் அணையவில்லை.

காசை மிச்சம் பிடித்துக் காட்டிப் பேர் வாங்க, சனிக்கிழமையே உக்கடம் போய், பென் டிரைவில் திருட்டுக் காப்பி வாங்கி, சட்டைப்பையில் ஒளித்து வைத்தேன். ஞாயிறு காலை சட்டையைத் துவைக்க எடுத்தவள், "பையில என்னமோ குச்சி கெடக்குதுங்க" என்று என் கையிலேயே கொடுத்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருசத்தில் அவள் கேள்வி கேட்காத முதல் நாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை அவள் நூல் வாங்கக் கிளம்பியதும் செருகினேன். கம்ப்யூட்டர் ஒரு தடவை இருமியது. திரை ரத்தச் சிவப்பானது. இங்கிலீஷில் ஏதோ மிரட்டியது. அப்புறம் பேச்சு மூச்சில்லை. எதிர்வீட்டு ரித்திகாவின் கல்யாண ஜாக்கெட்டுக்கு வரைந்த மயிலெல்லாம் அதற்குள்!

எவனை நினைத்து வயிறு எரிந்ததோ, அவன் வீட்டுக்கே ஓடினேன்.

"தம்பி, காப்பாத்து சாமி!"

உள்ளே ராமாமணி உட்கார்ந்திருந்தாள். எதிரில் புது லேப்டாப். அதில் அதே மயில், தோகை விரித்து.

"அண்ணா, அக்கா ஞாயித்துக்கெழமையே இந்த லேப்டாப்பும் வாங்கி, காசு கட்டிச் சாஃப்ட்வேரும் வாங்கிப்போட்டாங்க. டிசைனெல்லாம் இதுக்கு மாத்தியாச்சுங்க," என்றான் பாலகோபால்.

"அப்ப நம்மூட்டுல இருக்கறது?"

"வெறும் டப்பாங்க. எப்படியும் குச்சியச் செருகாம உடமாட்டீங்கன்னு, உங்களுக்குன்னே உட்டுவெச்சேன்," என்றாள் ராமாமணி.

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"இவரு குச்சியச் செருக ஒரு வாரம் ஆகும்னியே தம்பி, ரெண்டே நாள்! ஒரு கம்ப்யூட்டரச் சாகடிக்கோணும்னா, எங்க ஊட்டுக்காரரு மாதிரி வருமா?"