எம்-புக்கில் ஏறிய பாசி

எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் அரசுக் கட்டுமான வேலையின் அளவைத் தவிர வேறொன்றையும் எழுதக் கூடாது என்பது விதி. எழுதியதை அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, மேலதிகாரி வந்து சரிபார்க்கும்வரை அந்த வேலையைப் பூசி மூடக் கூடாது என்பவையும் விதிகளே. முதல் விதியை மீறிவிட்டு மற்ற மூன்றின் பின்னால் போய் நின்றுகொண்ட ஒரே மனிதர், இந்திய நிர்வாக வரலாற்றிலேயே, அரியலூரில் எங்கள் ஆபீஸில் ஓவர்சியராக இருந்த சீப்பு.

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பிகளைத் துளையிட்ட இரண்டு மரச்சட்டங்களில் வரிசையாகச் செருகி ஒரு கருவி செய்து வைத்திருந்தார். ராட்சசன் தலைவாரும் சீப்பு போலிருக்கும். சுவரில் படர்ந்த பாசியின் எதிரே அதைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு கம்பியையும் பச்சையைத் தொட்டும் தொடாமலும் தள்ளுவார். பின்பக்க முனைகள் பாசியின் மேடுபள்ளத்தை அப்படியே காட்டும். அதைக் காகிதத்தில் கோடாக இழுத்துக்கொள்வார். எதற்கு இந்த வேலை என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"மேல சொரசொரன்னு இருந்தா காத்து தடுக்கித் தடுக்கிப் போவும், ஈரத்தை உறிஞ்சிரும். வழவழன்னு இருந்தா வழுக்கிட்டுப் போயிரும். நம்மூரு வெயில்ல நாமளே கருகுறோம், இது எப்படிங்க சார் பொழைக்குது?"

குன்னத்துக்காரர். வெயிலைப் பற்றிப் பேச முழுத் தகுதி உண்டு.

ஒருநாள் சிறுவாச்சூரில் சாலையோரப் பாலத்துச் சுவரின் முன் குந்தி அளந்துகொண்டிருந்தார். காதில் பென்சில், தரையில் டேப். நெடுஞ்சாலை ஓரத்தில் இப்படி ஒருவர் உட்கார்ந்தால் கடைக்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான். அரை மணி நேரத்தில் டீக்கடைக் கொட்டகை நாலடி பின்வாங்கியது. தேங்காய்க் கடை வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விட்டது. பூக்கடை அம்மாள் மட்டும் நகரவில்லை. எவ்வளவு தூரம் எடுக்கப் போகிறீர்கள் என்று நேராகவே கேட்டார்.

"அஞ்சு மில்லிமீட்டரும்மா. சில எடத்துல ஏழு."

"அவ்ளோதானா? எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

அவருக்கென்று ஒரு பாசியும் இருந்தது, எங்கள் ஆபீஸின் வடக்குச் சுவரில். ஐப்பசியிலிருந்து வாரம் தவறாமல் அதை அளந்து வந்தார். சித்திரையில் அது கருகிச் சுருண்டது. அடுத்த மழையில் அதே திட்டு அதே மேடுபள்ளத்தோடு எழுந்து வருமா? அதுதான் அவருடைய கேள்வி. ஒரு முழு வருடம் அந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது.

அந்தச் சித்திரையில்தான் புதுப் பொறியாளர் வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்தார், சொறி பிடித்திருக்கிறது என்றார், சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சீப்பு வாதாடவில்லை. அன்று மத்தியானமே எம்-புக்கை எடுத்து, பாசியின் நீளம், அகலம், சராசரி மேடு, சராசரி பள்ளம் எல்லாவற்றையும் மையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"என்னய்யா இது, பாசிக்கு எம்-புக்கா?"

"அளந்தாச்சுங்க சார். எழுதியாச்சு."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு."

சீப்பு என்னைப் பார்த்தார். பொறியாளரும் பார்த்தார். கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு, பக்க எண் போட்ட புத்தகம், கிழித்தால் விசாரணை கிழித்தவர்மேல் வரும் என்று நான் பணிவோடு தெரிவித்தேன். சரிபார்க்காமல் சுண்ணாம்பு அடித்தாலும் அப்படித்தான். வேண்டுமானால் மேலிடத்துக்கு எழுதித் தெளிவுரை கேட்கலாம் என்றேன்.

கேட்டோம். கடிதத்தை நான்தான் வரைந்தேன். ஆறு மாதத்துக்கு முன் பதில் வராதபடி கடிதம் வரைவது ஒரு கலை, விவரம் வேண்டாம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. மழை விட்டு மூன்றாம் நாள் பாசி முழுதாக நிமிரும், அன்றைக்குத்தான் கடைசி அளவு என்று சீப்பு சொல்லியிருந்தார். குடையும் கருவியுமாகச் சுவரையே சுற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டே வரியில் வந்தது பதில். பதிவை ரத்து செய்து, சுவரை உடனே சுரண்டவும். வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது. உறையைப் பழையபடி மூடி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

முப்பத்து நான்கு வருட சர்வீஸில் ஆபீஸ் தபால் வரவு முத்திரையில் நான் தவறான தேதி போட்டது ஒரே ஒருமுறை. கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை. பதிவேட்டின்படி அது வந்து சேர்ந்தது அடுத்த வியாழக்கிழமை, மழை விட்ட நான்காம் நாள்.