சோடாவுக்கு மசியாத கல்

"இன்னா மாமா, பொன்னு இருக்குதா, இல்லியா?"

செஞ்சிக் கடைத்தெருவில் நகைப் பட்டறை வைத்திருந்த இராமச்சந்திரன் இடுக்கியால் மூசையைச் சாய்த்து உள்ளே உற்றுப் பார்த்தார். மச்சினன் வெற்றிவேல் சிங்கவரத்தில் தனக்கிருந்த கல்லாங்குத்து நிலத்திலிருந்து மினுங்கும் கற்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒரு கல்லைப் பொடித்து, ஈயமும் சோடாவும் சேர்த்து மூசையில் உருக்கி, ஈயத்தையும் எரித்துப் போக்கியாயிற்று. ஒன்றும் மிஞ்சவில்லை.

"கல்லுக்குக் கல் காரம் மாறும்டா. நாளைக்கு வெங்காரம் போட்டுப் பாக்கறேன்."

டீ கொண்டுவந்த மனைவி மணிமொழி இரண்டு பேருக்கும் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள், பொன் உருக்கும்போது போடுவதற்காகப் பட்டறையில் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு கரண்டி வெங்காரம் போட்டார். கடுகளவு பொன் மின்னியது! இரண்டு கரண்டி போட்டார். இரண்டு கடுகு! சோடாவுக்கு வாய் திறக்காத கல், வெங்காரத்துக்கு அள்ளிக் கக்குகிறது.

வெற்றிவேல் வந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "வெறும் காக்காப்பொன்னுடா. அது கெடக்குது, அந்த நெலத்த எனக்குக் குடுத்துடேன்."

"அதுல வர்ற கடலைதான் மாமா எங்களுக்குச் சோறு. அதையும் குடுத்துட்டு எங்க போறது?"

இராமச்சந்திரன் தலையைச் சொறிந்தார். கல்யாணத்தின்போது மாமனாரிடம் பிடிவாதமாகத் தன் பேருக்கு எழுதி வாங்கிய ஏரிப்பாசன நஞ்சை ஒன்று இருந்தது. இரண்டு போகம் விளையும்.

"அப்ப மாத்திக்கலாம். என் நஞ்சை உனக்கு."

வெற்றிவேலுக்கு நம்பவே முடியவில்லை. பத்திரம் பதிவானதும் ஆபீஸ் வாசலிலேயே காலில் விழுந்தான்.

"மண்ணாசை புடிச்ச மனுசன்னு உங்கள ஊரெல்லாம் பேசிட்டேன் மாமா. மன்னிச்சிடுங்க."

அவர் அவனைத் தூக்கி நிறுத்தினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வாரம் புது வெங்காரம் வாங்கி உருக்கினார். ஒன்றுமில்லை. இரண்டு கரண்டி, நாலு கரண்டி... மூசையில் கசடுதான் பொங்கியது. சந்தேகம் தட்டியது. பழைய டப்பாவின் அடியைச் சுரண்டி, கல்லே போடாமல் உருக்கினார்.

மிளகளவு பொன் மின்னியது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவனிடம் சொன்ன பொய்தான் உண்மை: காக்காப்பொன். நிலம் போனதைவிட, காலில் விழுந்த அந்தப் பிள்ளையின் முகம்தான் உறுத்தியது.

டீ டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மணிமொழியின் காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தது. எத்தனை நாளாகவோ, அவர் கவனிக்கவே இல்லை.

"தம்பி நெலத்தத் திருப்பிக் குடுங்கன்னு பதினோரு வருசமா கேட்டேன், உங்க காதுல ஏறல," என்றாள் அவள். "அதான், என் காதுல இருந்தத அரத்தால ராவி அந்த வெங்கார டப்பாவுல கொட்டினேன்."